ஏணியில் நின்ற முதலாளி

ஜூன் 4

அன்புள்ள மருமகளே,

நான் அப்போதே சொன்னேன். யாரும் கேட்கவில்லை. கேட்காதது என் குற்றமில்லை.

செய்தித்தாளின் உள்பக்கத்தில், காணாமல் போன நாயைப் பற்றிய விளம்பரத்துக்கு மேலே, நம் படகின் படத்தைப் போட்டிருக்கிறார்கள். "முகத்துவாரத்தில் பயணிகள் படகு வேகம் இழந்து துறைத் தூண்களில் மோதியது. கரும்புகையால் பீதி." படத்தைக் கண்டதும் கிடங்கில் என்னோடு காவல் வேலை பார்ப்பவனிடம் காட்டி, "இது இப்படித்தான் ஆகும்னு நான் எப்பவோ சொல்லிட்டேன்யா" என்றேன். "யார்கிட்ட சொன்னீங்க?" என்று கேட்டான். அறிவுகெட்ட கேள்வி. சொன்னது முக்கியமா, யாரிடம் என்பது முக்கியமா?

அந்தப் படகில் நான் வேலை செய்த காலத்தில் அந்த என்ஜின் என்னைக் கேட்காமல் இருமியதுகூட இல்லை. இப்போது அதற்கு வயதாகிவிட்டது. எனக்கும்தான் ஆகிவிட்டது, ஆனால் நான் புகைவதில்லை. புகைக்கு மூன்று நிறம் உண்டு, கேட்டுக்கொள். வெள்ளை என்றால் தண்ணீர் உள்ளே போகிறது. நீலம் என்றால் ஆயில் எரிகிறது. கறுப்பு என்றால் தின்றது செரிக்கவில்லை. உன்னுடையது கறுப்பு. விருந்துக்குப் போய்வந்த உன் பெரியப்பாவுக்கு ஆகுமே, அதே கதை. நீ படித்துச் சான்றிதழ் வாங்கியவள், இதெல்லாம் உனக்குத் தெரிந்திருக்கும். எனக்குப் படிக்காமலே தெரியும். அதுதான் வித்தியாசம்.

போனில் கூப்பிட்டிருக்கலாம். போனில் நீ "சரி மாமா, சரி மாமா" என்று சொல்லிப் பாதியில் வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது.

அக்கா இன்னும் என்மேல் கோபமாகத்தான் இருக்கிறாளா? உன் கல்யாணப் பேச்சில் நான் அப்படி என்ன சொல்லிவிட்டேன்? பெண் படகில் என்ஜின் டிரைவர் என்பதைக் கொஞ்சம் தட்டிப் பெரிதாக்கி, கப்பலே அவளுடையதுதான் என்றேன். மாப்பிள்ளை வீட்டார் குடும்பத்தோடு கிளம்பி வந்து கப்பலைத் தேடுவார்கள் என்று யார் கண்டது?

என்ஜினைப் பற்றி என்ன சந்தேகம் இருந்தாலும் எழுது.

இப்படிக்கு,
கடல் இயந்திரங்களுக்கு நாடி பிடித்தவன்,
உன் தாய்மாமன்


ஜூன் 11

மாமாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நான் நலம். படகில் இருந்த ஒருவருக்கு மணிக்கட்டு முறிந்தது. மற்றவர்களுக்குச் சிராய்ப்புதான். செய்தித்தாளில் போட்ட பீதி உண்மை.

சந்தேகம் இருந்தால் எழுதச் சொன்னீர்கள். இருக்கிறது. முதலில் நிலவரம்.

பயணிகளை ஏற்றிக்கொண்டு முகத்துவாரத்தின் நடுவுக்குப் போனதும் வேகம் இறங்குகிறது. வேகக் கைப்பிடியை எவ்வளவு தள்ளினாலும் ஏறுவதில்லை. தள்ளத் தள்ளப் புகைதான் கூடுகிறது. அன்றைக்கு நீரோட்டம் வலுவாக இருந்தது. திருப்பி நிறுத்தும் அளவுக்கு என்ஜினில் உயிர் இல்லை. தூணில் போய் இடித்தது.

டீசல் வடிகட்டிகளை மாற்றினேன். தொட்டியின் அடியில் தண்ணீர் இருக்கிறதா என்று வடித்துப் பார்த்தேன், இல்லை. இன்ஜெக்டர்களைக் கழற்றிப் பட்டறைக்கு அனுப்பினேன். இரண்டு ஒழுகின, மாற்றினார்கள். அதுதான் காரணம் என்று ஒரு நாள் சந்தோஷமாக இருந்தேன். மறுநாள் ஆள் ஏற்றாமல் ஒரு நடை போய்ப் பார்த்தோம். பழையபடி புகை. வால்வு இடைவெளி சரி. சிலிண்டர்களின் அழுத்தம் இந்த வயதுக்கு நன்றாகவே இருக்கிறது. காற்று வடிகட்டி சுத்தம். புகைபோக்கிக் குழாயைத் தட்டிக் கரி எடுத்தேன், அடைப்பு என்று சொல்லும்படி இல்லை. முங்கிப் பார்க்கும் ஆள் ஒருவர் படகுக்கு அடியில் போய்ச் சுழல்விசிறியைத் தடவிவிட்டு, கயிறும் இல்லை, வலையும் இல்லை என்றார்.

முதலாளி வெளியிலிருந்து நான்கு மெக்கானிக்குகளை வரவழைத்தார். அந்தச் சின்ன என்ஜின் அறையில் நான்கு பேர், நான் ஐந்தாவது. வெக்கை தாங்காமல் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நாள் முழுவதும் பார்த்தார்கள். படகைத் துறையில் இறுக்கிக் கட்டி, கியரைப் போட்டு, முழு வேகம் கொடுத்தார்கள். என்ஜின் நல்ல பிள்ளை மாதிரி ஓடியது. மெல்லிய சாம்பல் நிறப் புகைதான். மூத்தவர் கையைத் துடைத்துக்கொண்டே முதலாளியிடம், "என்ஜின்ல ஒண்ணும் இல்லீங்க. ஓட்டுறவங்க கையிலதான் ஏதோ" என்றார். என் எதிரிலேயே.

துறைமுக அலுவலகம் விசாரணை வைத்திருக்கிறது. என் கவனக்குறைவுதான் காரணம் என்று முதலாளி எழுதிக் கொடுத்துவிட்டார். அது நிரூபணமானால் என் சான்றிதழை ரத்து செய்வார்கள். அது போனால் எனக்கு வேறு தொழில் தெரியாது.

அம்மா நீங்கள் அந்தப் படகில் டிக்கெட் கிழித்தீர்கள் என்று சொல்கிறாள். பரவாயில்லை. கேள்வி ஒன்றுதான். உங்கள் காலத்தில் அந்த என்ஜின் எப்போதாவது இப்படிக் கரும்புகை விட்டு வேகம் இழந்ததா? விட்டது என்றால் அன்று என்ன நடந்தது? நடந்ததை மட்டும் எழுதுங்கள்.

மருமகள்


ஜூன் 17

என் தங்க மருமகளே,

டிக்கெட் கிழித்தேன் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் டிக்கெட் கிழித்தது கைதான். காது முழுக்க என்ஜினிடம் இருந்தது.

விட்டதா என்று கேட்கிறாயே, விடாமலா! நடந்ததை மட்டும் எழுதுகிறேன். ஒரு எழுத்து கூடக் குறையக் கிடையாது.

ஒரு மழைக்காலம். வானத்தில் யாரோ குழாயைத் திறந்துவிட்டு மூட மறந்துபோன மாதிரி மழை. மேல்தளத்தில் என்ஜின் அறைக்குக் காற்று இறங்கும் துளைகள் இருந்தன, வரிவரியாகத் தகடு வைத்தவை. அதன் வழியாகத் தண்ணீர் இறங்குகிறது என்று தளத்து ஆட்கள் தார்ப்பாயைப் போர்த்தி இறுக்கிக் கட்டிவிட்டார்கள். படகு நடு முகத்துவாரத்துக்கு வந்தது. வந்தது என்றா சொன்னேன்? தவழ்ந்தது. புகைபோக்கியிலிருந்து எருமை எருமையாகப் புகை. பயணிகள் தெய்வங்களைக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். கூப்பிடத் தெரியாதவர்கள் என்னைக் கூப்பிட்டார்கள்.

அப்போது என்ஜின் டிரைவராக இருந்தவரை மூக்குப்பொடி டிரைவர் என்போம். நல்ல மனுஷர், ஆனால் பதற்றம் வந்தால் தும்முவார். அன்றைக்குத் தும்மிக்கொண்டே டீசல் பம்ப்பை ஸ்பேனரால் தட்டிக்கொண்டிருந்தார். நான் டிக்கெட் பையைத் தோளில் மாட்டியபடி ஏணியில் இறங்கினேன். ஒரு பார்வை பார்த்தேன். ஒரே ஒரு பார்வை.

"அண்ணே, பம்ப்பை அடிக்காதீங்க. என்ஜினுக்கு மூச்சு முட்டுது" என்றேன்.

"போடா, டிக்கெட் கிழிக்கிறவன் எனக்குப் பாடம் எடுக்கிறியா!" என்றார்.

கதவில் ஒரு உதை விட்டேன். கதவு திறந்தது. மருமகளே, அந்த என்ஜின் விட்ட பெருமூச்சை நீ கேட்டிருக்க வேண்டும்! தண்ணீருக்கு அடியிலிருந்து மேலே வந்த ஆள் மாதிரி. புகை அடங்கியது. வேகம் ஏறியது. மூக்குப்பொடி டிரைவர் தும்மலை நிறுத்திவிட்டு என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

இதையெல்லாம் இன்னொருவர் பார்த்துக்கொண்டிருந்தார். யார் என்கிறாய்? இப்போது உன்மேல் பழி போடுகிறாரே, உன் முதலாளி, அவரேதான். அப்போது அவர் பெரிய முதலாளியின் மகன், வேலை பழக வந்த வாலிபன். ஏணியின் நடுப்படியில் நின்றிருந்தார். வெள்ளைக் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார். நான் அவரை நிமிர்ந்து பார்த்துச் சொன்னேன்: "தம்பி, ஒண்ணு மட்டும் மனசுல வச்சுக்குங்க. இந்தப் படகுல காத்துத் துளையை எந்தக் காலத்திலும் மூடிடாதீங்க. மூடினா ஒரு நாள் நடுத் தண்ணியில நிக்கும்." அவர் கைக்குட்டையை எடுத்துவிட்டு, "சரிண்ணே" என்றார்.

இப்போது சொல், நான் முன்பே சொன்னேனா இல்லையா?

புகையின் பகைவன்,
உன் மாமா


ஜூன் 29

மாமாவுக்கு,

தாமதத்துக்குக் காரணம் உண்டு.

உங்கள் கடிதத்தில் பாதியை நான் நம்பவில்லை. கோபித்துக்கொள்ள வேண்டாம், பாதியை நம்பியதே இதுவரை உங்களுக்கு நான் கொடுத்ததில் அதிகம். ஆனால் கதவு என்ற சொல்லில் கண் நின்றுவிட்டது.

மெக்கானிக்குகள் பார்த்தபோது கதவு திறந்திருந்தது. நான் துறையில் வைத்துச் சோதித்தபோதும் திறந்திருந்தது. ஆள் ஏற்றி ஓடும்போது மட்டும் சாத்தியிருக்கும். பயணிகள் கூடத்தில் சத்தம் கேட்கக்கூடாது என்று முதலாளியின் உத்தரவு. கதவிலேயே பலகை எழுதி மாட்டியிருக்கிறார். ஆள் ஏற்றாமல் போன சோதனை நடையிலும் பழக்கத்தில் சாத்திவிட்டேன். மருத்துவர் வரும் நேரத்தில் மட்டும் காய்ச்சல் விடுகிற நோயாளி மாதிரி, யாராவது பார்க்க வந்தால் என்ஜின் குணமாகிவிட்டிருக்கிறது.

மறுபடி ஒரு நடை போனேன். கேப்டனும் ஆயில்மேனும் கூட இருந்தார்கள். கதவைச் சாத்தி முழு வேகம். புகை வந்தது, வேகம் விழுந்தது. உள்ளே இருந்து கதவை வெளிப்பக்கமாகத் தள்ளினேன். யாரோ வெளியே நின்று தோள் கொடுத்துத் தடுப்பதுபோல் இருந்தது. ஒரு கண்ணாடிக் குழாயை வளைத்துத் தண்ணீர் ஊற்றி, ஒரு முனையை அறைக்குள்ளும் மறு முனையைக் கதவிடுக்கு வழியாக வெளியிலும் வைத்தேன். உள்பக்கத் தண்ணீர் விரலளவு மேலே ஏறி நின்றது. அந்த அளவுக்கு அறையில் காற்று இல்லை. கதவைத் திறந்ததும் தண்ணீர் சமமானது. வேகம் ஏறியது. புகை நின்றது. கேப்டன் மேலிருந்து, "என்னம்மா பண்ணினே? படகு ஓடுதே!" என்று கத்தினார். மூன்று முறை சாத்தித் திறந்து காட்டினேன். கேப்டன் தன் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

பிறகு காற்றுத் துளைகளைத் தேடினேன். போன வருடம் பயணிகள் கூடத்தைப் புதுப்பித்தார்கள். நான் அப்போது விடுப்பில் இருந்தேன். என்ஜின் அறையை ஒட்டிய சுவரில் நீளமாக மெத்தை இருக்கை போட்டிருக்கிறார்கள். முதுகு சாயும் பலகையைக் கழற்றினால் உள்ளே கனமான பஞ்சு, அதற்குப் பின்னால் ஒட்டுப்பலகை, அதற்குப் பின்னால் துளைகள். தச்சர் நல்ல வேலைக்காரர். ஓர் இடுக்குகூட விடவில்லை. இளம் என்ஜினாக இருந்தால் கொஞ்சம் தாக்குப் பிடித்திருக்கும். இதற்கு அந்தத் தெம்பு இல்லை. மேல்தளத்துத் துளைகளை எப்போதோ தகடு அடித்து மூடிவிட்டு, அவற்றுக்குப் பதிலாகத்தான் இந்தச் சுவர்த் துளைகளை வைத்திருக்கிறார்கள்.

காரணம் கிடைத்துவிட்டது. பழி யாருடையது என்பதுதான் மீதி. அங்கே துளை இருந்ததே தனக்குத் தெரியாது, டிரைவர் சொல்லியிருக்க வேண்டும் என்கிறார் முதலாளி. அறை வெக்கையாக இருக்கிறது என்று வாய்வார்த்தையாக நான் சொன்னேன். "ஃபேன் வச்சுக்கோம்மா" என்றார். ஆனால் அதற்குச் சாட்சி இல்லை.

அதனால் உங்கள் ஏணிக் காட்சியை என் வாக்குமூலத்தில் எழுதியிருக்கிறேன். மூடக்கூடாது என்று அவருக்கு முன்பே சொல்லப்பட்டிருக்கிறது, அதை நேரில் சொன்னவர் என் மாமா என்று. உங்களுக்கு அழைப்பு வரும்.

அம்மாவிடம் சொன்னேன். "அவன் பேச்சை எழுத்துல குடுத்துட்டியா? கெட்டிக்காரன் புளுகே எட்டு நாளைக்குத்தான்டி. இவன் புளுகு அதுவரைக்கும்கூடத் தாங்காது" என்றாள். கதவு விஷயம் உண்மைதான், சோதித்துப் பார்த்தேன் என்றேன். பிறகு, "அவனுக்கு மூட்டுவலி எப்படி இருக்குன்னு கேளு. நான் கேட்டேன்னு சொல்லாதே" என்றாள்.

மூட்டுவலி எப்படி இருக்கிறது?

நன்றி, மாமா. இதை எழுதக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது.

மருமகள்


ஜூலை 5

வீரத் திருமகளே, என் மருமகளே,

உன் கடிதத்தைக் கிடங்கில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். நன்றி என்ற வரியை இரண்டு தடவை படித்தேன். "யார்கிட்ட சொன்னீங்க" என்று கேட்டவன் இப்போது எழுந்து நின்று பேசுகிறான். மேலாளர் கூப்பிட்டு, "நீங்க என்ஜினியரா இருந்தீங்களாமே, சொல்லவே இல்லையே?" என்றார். நான் சிரித்துவைத்தேன். மறுக்கவில்லை. பெரியவர்களைத் திருத்துவது மரியாதை இல்லை.

என் கோட்டை எடுத்து வெயிலில் போட்டிருக்கிறேன். பொத்தான் ஒன்று குறைகிறது. விசாரணையில் எந்தப் பக்கம் பார்த்துப் பேச வேண்டும்? அதிகாரியையா, முதலாளியையா? முதலாளியைப் பார்த்துத்தான் பேசப்போகிறேன். "தம்பி, ஞாபகம் இருக்கா?" என்று ஆரம்பிப்பேன். அவர் தலை கவிழ்வார். யோசிக்க யோசிக்க அந்த நாள் இன்னும் துல்லியமாக வருகிறது. அவர் போட்டிருந்த செருப்பு தவிட்டு நிறம். மூக்கைப் பொத்தியிருந்த நீலக் கைக்குட்டையின் ஓரத்தில் அவர் பெயரின் முதல் எழுத்து பின்னியிருந்தது. பெரிய முதலாளி பிற்பாடு என்னைக் கூப்பிட்டுக் கைக்கடிகாரம் ஒன்று கொடுத்தார். அது தொலைந்துவிட்டது.

மூட்டுவலி இருக்கிறது. ஆனால் அக்கா கேட்டதும் பாதி குறைந்துவிட்டது. கேட்டது அவள்தான் என்று எனக்குத் தெரியாது, கவலைப்படாதே. சாட்சி சொல்ல வரும்போது வீட்டுக்கு வரலாமா என்று அவளிடம் கேள். நான் கேட்டேன் என்று சொல்.

முதல் சாட்சி,
உன் தாய்மாமன்


ஜூலை 14

மாமாவுக்கு,

முதல் நாள் விசாரணை முடிந்தது. கண்ணாடிக் குழாய்ச் சோதனையை அதிகாரி தானே படகில் வந்து பார்த்தார். இருக்கைப் பலகையைக் கழற்றிக் காட்டினேன். என்ஜினில் பழுது இல்லை, காற்றுதான் இல்லை என்று ஒப்புக்கொண்டார்.

பிறகு உங்கள் பகுதி வாசிக்கப்பட்டது. முதலாளி சத்தம் போடவில்லை. அமைதியாக எழுந்து, "சார், அந்த ஆள் படகுல இருந்த காலத்துல நான் இங்கேயே இல்லை. படிக்கப் போயிருந்தேன். அப்பா போன பிறகுதான் படகையே பார்த்தேன்" என்றார். கல்லூரிச் சான்றிதழ்களைக் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார். அடுத்த விசாரணையில் நீங்களும் அவரும் எதிரெதிரே.

வீட்டுக்கு வந்து உங்கள் கடிதங்களை அடுத்தடுத்து வைத்துப் படித்தேன். ஜூன் 17 கடிதத்தில் கைக்குட்டை வெள்ளை. ஜூலை 5 கடிதத்தில் நீலம்.

மாமா, என் நிலைமையைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பகுதி உண்மை என்றால் முதலாளிக்கு முன்பே தெரியும், என்மேல் பழி நிற்காது. பொய்யாகி விசாரணையில் பிடிபட்டால் கண்ணாடிக் குழாயையும் சேர்த்துப் பொய் என்பார்கள், சான்றிதழ் கண்டிப்பாகப் போகும். நானே முன்கூட்டித் திரும்பப் பெற்றால் என்ன ஆகும் என்று தெரியாது. துளையைத் தேடிப் பார்க்காதது யார் குற்றம் என்று கேட்பார்கள், நான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். திரும்பப் பெறுவதானால் விசாரணைக்கு முன் எழுதிக் கொடுக்க வேண்டும்.

நீங்கள் கதை சொல்வது எனக்குச் சின்ன வயதிலிருந்தே பிடிக்கும். கல்யாணப் பேச்சு கலைந்ததில்கூட எனக்கு வருத்தமில்லை, அம்மாவுக்குத்தான். ஆனால் இது வேறு.

முதலாளி அன்று ஏணியில் நின்றாரா? ஒரே வார்த்தையில் பதில் எழுதுங்கள்.

மருமகள்


ஜூலை 18

அன்பு மருமகளே,

உன் கடிதம் வந்தது. மழையில் நனைந்து கடைசிப் பக்கம் முழுக்க மை கரைந்துவிட்டது. ஏதோ கேட்டிருக்கிறாய் என்று தெரிகிறது, என்னவென்று தெரியவில்லை. நேரில் வரும்போது பேசிக்கொள்வோம். கோட்டுக்குப் பொத்தான் கிடைத்துவிட்டது.

அவசரத்தில்,
மாமா


ஜூலை 21

மாமாவுக்கு,

நான் பால்பாயிண்ட் பேனாவில் எழுதினேன். அது கரையாது.

நின்றாரா?


ஜூலை 24

அன்புள்ள மருமகளுக்கு,

ஒரே வார்த்தையில் பதில் எழுது என்கிறாய். ஒரே வார்த்தையில் நான் பெயர்கூடச் சொன்னதில்லை. முதலில் மற்றதைச் சொல்லிவிடுகிறேன், பொறுமையாகப் படி.

மழை உண்மை. தார்ப்பாய் உண்மை. புகை உண்மை, எருமை எருமையாக என்பதில் ஒரு எருமையைக் குறைத்துக்கொள். கதவைத் திறந்தது நான்தான், அதுவும் உண்மை. ஆனால் உதைக்கவில்லை. மேல்தளத்தில் டிக்கெட் கிழித்துக் கிழித்துத் தொப்பலாக நனைந்துபோயிருந்தேன். என்ஜின் அறைக்குள் சூடான குழாய் ஒன்று ஓடும், அதில் துணி போட்டால் சீக்கிரம் காய்ந்துவிடும். சட்டையைக் காயப்போடத்தான் போனேன். இரண்டு கையிலும் ஈரத்துணி. கதவை முதுகைக் கொண்டு திறந்துவைத்தபடி நின்று பிழிந்துகொண்டிருந்தேன். என்ஜின் திடீரென்று வேகம் எடுத்தது. நான் பயந்துபோய்ச் சட்டையைக் கீழே போட்டுவிட்டேன்.

மூக்குப்பொடி டிரைவர் திரும்பிப் பார்த்து, "டேய், இப்ப என்னடா பண்ணினே?" என்றார். "ஒண்ணும் பண்ணலண்ணே, சட்டை பிழிஞ்சேன்" என்றேன். அவர் கதவைச் சாத்தினார். புகை வந்தது. திறந்தார். போனது. மேலே ஓடிப்போய்த் தார்ப்பாயை அறுத்துவிட்டார். மூச்சு முட்டுகிறது என்று சொன்னது அவர். என்னைக் கட்டிப்பிடிக்கவில்லை. "சட்டையை எடுத்துக்கிட்டு வெளிய போடா" என்றார்.

இந்தக் கதையை நான் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். வெறும் சட்டையோடு சொன்னால் யாரும் முழுதாகக் கேட்பதில்லை. டீக்கடையில் ஒருவன் நடுவிலேயே எழுந்து போய்விட்டான். கதவை உதைத்துப் பார்த்தேன், கொஞ்சம் பரவாயில்லை. அப்புறம்தான் புரிந்தது, செயலைப் பார்க்க ஒரு பெரிய மனுஷன் வேண்டும். பார்க்க ஆள் இல்லாத வீரம் வீரமா? அப்புறம் கதை நன்றாக ஓடியது. எனக்கே அந்த ஏணியும் கைக்குட்டையும் கண்ணில் தெரிய ஆரம்பித்துவிட்டன. ஆனால் யாரும் நம்பியதில்லை, மருமகளே. ரசிப்பார்கள், சிரிப்பார்கள், டீ வாங்கித் தருவார்கள். நம்பியதில்லை. முதல்முறையாக நீ ஒருத்தி நம்பி, அதை எழுத்தில் வைத்து, சர்க்கார் ஆள் முன்னால் வாசிக்கவும் விட்டாய். தவளை தன் வாயால் கெட்டால் அது அதன் தலையெழுத்து. பக்கத்துக் குளத்துத் தவளையையும் இழுத்துக்கொண்டு போகக்கூடாது.

நான் விசாரணைக்கு வருகிறேன். கோட்டு போடாமல் வருகிறேன். சட்டை காயப்போட்ட கதையைச் சொல்கிறேன். அதிகாரி சிரித்தால் சிரிக்கட்டும். காற்றை மூடினால் அந்தப் படகு புகையும், திறந்தால் புகை நிற்கும் என்பதை அந்தக் காலத்திலேயே கண்ணால் பார்த்த ஆள் நான் ஒருவன்தான் உயிரோடு இருக்கிறேன். அது உனக்கு எவ்வளவு உதவுமோ தெரியாது. மெக்கானிக் சொன்ன "ஓட்டுறவங்க கை"யிலிருந்து உன்னைக் கொஞ்சமாவது விலக்கும் என்று நினைக்கிறேன். அக்காவிடம் நீயே சொல்லிவிடு. நான் சொன்னால் இதையும் நம்பமாட்டாள்.

இந்தக் கடிதத்தை அப்படியே அதிகாரியிடம் கொடு. எழுத்துப் பிழை இருந்தால் திருத்திக் கொடு. வேறு எதையும் திருத்தாதே.

உன் மாமா

பி.கு.: நீ கேட்ட ஒரு வார்த்தையை எழுதாமலே உறையை ஒட்டிவிட்டு, தபால்பெட்டி வரைக்கும் போய், திரும்பி வந்து பிரித்திருக்கிறேன். இல்லை. அன்று அந்த ஏணியில் யாரும் நிற்கவில்லை. முதலாளியைக் கொண்டுவந்து நிறுத்தினவன் நான்.